நாட்டுக் கம்பளியில் செயற்கை இழை கலந்தபோது

நாட்டுச் செம்மறியின் உரோமத்தை நூற்கத் தொடங்கிய நாட்களில், அதன் குத்தலை அடக்கக் கொஞ்சம் அக்ரிலிக் என்ற செயற்கை இழையைக் கலந்தால் போதும் என்றே நினைத்திருந்தேன். 70-க்கு 30 என்ற விகிதத்தில் நூற்ற முதல் சிட்டம் (நூல் கட்டு) உள்ளங்கையில் மெத்தென்றுதான் இருந்தது. கழுத்தில் ஒற்றிப் பார்த்தால் பழையபடியே குத்தியது.

காரணம் முறுக்கில் இருக்கிறது. நூல் முறுக்கேறும்போது மெல்லிய, நீளமான இழைகள் நடுவை நோக்கி நகர, தடித்த, குட்டையான இழைகள் வெளிப்புறத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை தோலில் பட்டால் வளைவதில்லை, குத்துகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய மென்மையெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ள, ஆட்டு மயிரின் முரட்டு முனைகள் மட்டும் வெளியே நின்றன.

அதன்பின் விகிதத்தைவிட இழைகளின் நீளத்தையும் தடிமனையும் பொருத்துவதில்தான் கவனம் வைக்கிறேன். 6 சென்டிமீட்டர் உரோமத்தோடு 10 சென்டிமீட்டர் அக்ரிலிக்கை, பற்களால் இழைகளைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கில் இட்டபோது இரண்டும் சீராகக் கலக்காமல் நூல் திட்டுத்திட்டாக வந்தது. அதற்கும் முன்னால், சுண்ணாம்பு வெள்ளையாக, வளைத்தால் பட்டென்று ஒடியும் மயிர்களைக் கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் எந்தக் கலப்பும் அதற்கு ஈடாகாது. உரோமத்தின் பிசுக்கு போகக் கழுவியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

உலர்ந்த காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட வைத்துக்கொள்வதில்லை. அதனால் நிலைமின்சாரம் ஏறி, இழைகள் கார்டிங் பற்களைவிட என் சட்டைக் கையையே அதிகம் விரும்பின. முந்தைய இரவே லேசாக நீர் தெளித்து மூடி வைத்தால் ஓரளவு அடங்குகிறது.

மென்மை கிடைக்காது என்று தெளிந்தபின், கலப்பை உறுதிக்காகவே பயன்படுத்துகிறேன். காலுறை நூலுக்கு 25 சதவீதம் நைலான் சேர்த்தால் குதிகால் பகுதி சீக்கிரம் தேய்வதில்லை. சாயத்திலும் நைலானே வசதி, ஏனெனில் கம்பளிக்குரிய அமிலச் சாயத்தை அதுவும் ஏற்கிறது. பாலியஸ்டருக்கு வேண்டிய டிஸ்பர்ஸ் சாயமோ வழக்கமாக 130 டிகிரி வெப்பம் கேட்கும். அந்தச் சூட்டில் கம்பளி கெட்டுவிடும். அக்ரிலிக் கலந்த அந்த முதல் சிட்டத்தை அமிலச் சாயத்தில் முக்கியபோது கம்பளி மட்டும் கருநீலமாகி, அக்ரிலிக் ஏறக்குறைய வெள்ளையாகவே நின்றது. தவறுதான் என்றாலும், சாம்பல் பூத்தாற்போன்ற அந்த நிறத்துக்காகவே இப்போது வேண்டுமென்றே அப்படிச் சாயமேற்றுகிறேன்.