டோக்கன் முடிஞ்சுது பாஸ்

கோயம்புத்தூர்ல இருந்து நைரோபிக்கு நான் வந்து இறங்குனது 2018 ஜூன்ல. ஆப்பிரிக்கான்னா வெயில் மண்டைய பொளக்கும்னு நெனச்சு ஒரு ஸ்வெட்டர் கூட எடுத்துட்டு வரல, இங்க பாத்தா ஊரே 1,700 மீட்டருக்கு மேல உக்காந்திருக்கு, ஜூன் ஜூலைல குளிரு எலும்ப தொடுது. ரெண்டாவது நாளே தெருவோரம் மித்தும்பா கடைல (வெளிநாட்டு பழைய துணி மூட்டை மூட்டையா வந்து விக்கிற கடை) ஒரு ஸ்வெட்டர் வாங்குனேன், இன்னைக்கும் அதத்தான் போடறேன்.

அந்த வாரமே ஒரு நாள் ராத்திரி வீட்ல கரண்டு போச்சு. நம்ம ஊர் பழக்கம், வந்துரும்னு ரெண்டு மணி நேரம் இருட்டுல உக்காந்திருந்தேன். அப்பறம் ஜன்னல் வழியா பாத்தா பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் ஜெகஜோதியா எரியுது. கீழ போய் வாட்ச்மேன கேட்டேன், இங்க அஸ்காரின்னு சொல்வாங்க, அறுபது வயசு இருக்கும், மேல வந்து மீட்டர பாத்துட்டு "டோக்கன் முடிஞ்சுது பாஸ்"னு ஒரே சிரிப்பு. கரண்டு இங்க ப்ரீபெய்டாம், எனக்கு யாரும் சொல்லல. என்கிட்ட உள்ளூர் சிம் கூட இல்ல. அவரே தன்னோட பட்டன் போன எடுத்து 500 ஷில்லிங் கட்டுனாரு, எஸ்எம்எஸ்ல 20 நம்பர் வந்துச்சு, அதுக்கு பேரு தான் டோக்கன், அந்த போன் டார்ச் வெளிச்சத்துல அவர் படிக்க படிக்க நான் மீட்டர்ல அமுக்குனேன், லைட் வந்துச்சு. அந்த மாதிரி டார்ச் போனுக்கு இங்க முலிக்கா ம்விசின்னு பேரு, திருடன் மேல வெளிச்சம் அடிக்கறதுன்னு அர்த்தம் :)

அந்த போன்ல இன்டர்நெட் கிடையாது, ஆப் கிடையாது, சிம் மெனுவுலயே எம்-பெசா, போன்லயே காசு அனுப்பற வசதி. சஃபாரிகாம்ங்கற இங்கத்த போன் கம்பெனி 2007ல ஆரம்பிச்சது, நம்ம யுபிஐ 2016ல தான். பெட்டிக்கடை மாதிரி இருக்கற ஏஜென்ட் கிட்ட காசு குடுத்தா போன்ல ஏறும், ஊர்ல இருக்கறவங்க அங்க ஒரு ஏஜென்ட் கிட்ட போய் எடுத்துக்கலாம், பேங்க் அக்கவுன்ட்டே வேண்டாம். பெசான்னா ஸ்வாஹிலில காசு, நம்ம பைசா தான் கப்பல் ஏறி வந்திருக்கு. நான் என்னமோ இவங்களுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக்குடுக்க வந்த மாதிரி ஒரு நெனப்புல இருந்தேன், அன்னைக்கு ராத்திரியோட அது போச்சு.

ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பையன் தான் எரிக் ஹெர்ஸ்மன் பத்தி சொன்னான். அமெரிக்க மிஷனரி குடும்பம், ஆனா வளந்தது சூடான்லயும் கென்யாவுலயும். 2007 டிசம்பர் எலக்சனுக்கு அப்பறம் இங்க பெரிய கலவரம், எங்க என்ன நடக்குதுன்னு ஜனங்க எஸ்எம்எஸ் அனுப்பினா மேப்ல காட்டற உஷாஹிடிய 2008 ஜனவரில ஓரி ஒகோலோ, ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா கூட சேந்து ஆரம்பிச்சவரு. உஷாஹிடின்னா ஸ்வாஹிலில சாட்சியம். 2010ல ஹைட்டி பூகம்பத்துக்கும் அதே சாஃப்ட்வேர் தான் போச்சு. அதே வருசம் நைரோபி ங்கோங் ரோட்ல டெக் பசங்க சேந்து உக்காந்து வேலை பாக்க ஐஹப்னு ஒரு இடம், 2013ல ப்ரிக்குனு ஒரு இன்டர்நெட் பொட்டி, கரண்டு போனா அதுல இருக்கற பேட்டரி 8 மணி நேரம் தாங்கும், கேபிள் நெட் போனா தானா சிம்முக்கு மாறிக்கும். இந்த ஊர் தொல்லைய தாங்குற சாமான் எங்கயும் தாங்கும்ங்கறது அந்த ஆளோட கணக்கு. ஐஹப் 2019ல நைஜீரியா கம்பெனிக்கு கை மாறிடுச்சு, அப்பயும் மனுசன் மூட்டை கட்டல, 2022ல கிரிட்லெஸ்னு அடுத்த கம்பெனி. கிராமத்துல சின்ன நீர்மின் நிலையத்துல மிஞ்சற கரண்ட வாங்க ஆள் இல்ல, அத வச்சு பிட்காயின் மைனிங், அதாவது கம்ப்யூட்டர ராத்திரி பகலா ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிக்கறது. பிட்காயின் மேல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல, ஆனா வீணா போற கரண்டுக்கு ஒரு கஸ்டமர் வேணும்ங்கற யோசனை சரியாத்தான் படுது.

ஒண்ணு சொல்லணும். வெள்ளக்காரன் போய் கேட்டா ஃபண்டிங் வருது, நாங்க கேட்டா வர்றதில்லனு எங்காபீஸ் பசங்க பொருமுவாங்க. நியாயமான கோவம் தான். ஆப்பிரிக்க இன்னோவேஷன்னு ஹோட்டல் ஹால்ல ஃபோட்டோ எடுத்துக்கற கூட்டத்த பாத்தா எனக்கே எரிச்சலா வரும்.

நம்ம அஸ்காரி அந்த மாதிரி வார்த்தை எல்லாம் பேச மாட்டாரு. அவர் வீடு மேற்கு கென்யாவுல ககமேகா பக்கம் கிராமம், எம்-கோபாங்கற கம்பெனியோட சோலார் லைட் தவணைல வாங்கி போட்டிருக்காரு, மொதல்ல கொஞ்சம் கட்டிட்டு மிச்சத்த தினமும் 50 ஷில்லிங் போன்லயே கட்டணும், கட்டலைன்னா லைட் லாக் ஆயிரும். கேட்ல நின்னுட்டே இங்கருந்து கட்டுவாரு, அங்க லைட் எரியும். போன வாரம் ரெண்டு நாள் மறந்துட்டாரு போல, சம்சாரம் போன்ல போட்ட சத்தம் மாடில எனக்கே கேட்டுச்சு. கீழ எறங்கி போய் "டோக்கன் முடிஞ்சுதா பாஸ்?"னு கேட்டேன், மொறச்சாரு.