தொண்ணூறுக்குள் ஒரு நூறு

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையனுடையது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எண்களை எழுத வேண்டும். அறுபத்தேழு, எண்பத்து மூன்று எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தான். தொண்ணூற்று இரண்டு என்றதற்கு மட்டும் 1002. தொண்ணூற்று ஐந்துக்கு 1005. இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்புக் குறி போட்டு, 'கவனமாக எழுது' என்று எழுதிக் கொடுத்தேன். வேலையில் சேர்ந்து அது மூன்றாவது வாரம்.

எங்களுடையது தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் மலைப்பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நான்கும் ஐந்தும் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போயிருப்பார்கள். பாட்டிதான் வளர்ப்பாள். காலையில் எட்டே காலுக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளை இல்லை என்று தலைமையாசிரியர் சொல்வார். முன்பு எப்படி இருந்தது என்று நான் பார்த்ததில்லை. ஆனால் தட்டை வழித்துத் தின்னும் முகங்களைத் தினமும் பார்க்கிறேன்.

தப்புக் குறி போட்ட அன்று சாயங்காலம் அந்த நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். 'பாருங்க சார், எண்பது வரைக்கும் நல்லா எழுதுறான், அப்புறம் கவனமே இல்ல' என்றேன். அவர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 'ரெண்டு தடவையும் ஒரே மாதிரி எழுதியிருக்கானேம்மா. கவனம் இல்லாதவன் ரெண்டு விதமா எழுதுவான். எப்படி எழுதினேன்னு அவன்கிட்டயே கேளுங்க.'

மறுநாள் கேட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் 'எப்படி எழுதினே' என்று கேட்டால் அது திட்டுவதற்கு முன்னால் வரும் கேள்வி என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். மதியம் சாப்பாடு முடிந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'எனக்குப் புரியலடா, நீ சொல்லிக் குடு' என்றேன்.

'நீங்கதானே நூத்தி ரெண்டுன்னு சொன்னீங்க.'

'தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னேன்.'

'ஆமா. நூத்தி ரெண்டு.'

அவன் காதில் விழுந்தது நூறு. நூறை எழுதி, அதன் பக்கத்தில் இரண்டை எழுதிவிட்டான். என்னைவிடக் கவனமாகக் கேட்டவன் அவன். ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு, நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று நன்னூல் விதியோடு மனப்பாடம் செய்து தேர்வெழுதியவள் நான். அந்தச் சொல்லுக்குள் நூறு இருக்கிறது என்பது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. தமிழில் ஒன்பதுக்குள் 'பது' இருக்கிறது, தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. மூன்றுமே அடுத்த வீட்டுப் பேரை வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஏழு வயதுப் பிள்ளை அதை நம்பியதில் என்ன தப்பு?

ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுபோனேன். ஒன்பது கட்டு, இரண்டு உதிரி. எண்ணச் சொன்னேன். பத்து, இருபது என்று எண்ணிக்கொண்டே வந்தவன் ஒன்பதாவது கட்டில் 'தொண்ணூறு' என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். கட்டுகளைத் திரும்பத் தொட்டுப் பார்த்தான். 'இது நூறு இல்ல டீச்சர், இன்னும் ஒரு கட்டு வேணும்' என்றான். ஸ்லேட்டை எடுத்து அவனாகவே 92 என்று எழுதினான். அந்த இரண்டு இலக்கத்தை எழுத அவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் அதுவரை முடியாத காரியம் அது.

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்வி. அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி என்றால் எந்த விடையைத் தேர்ந்தெடுப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் படிப்பைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் இந்த அறைக்குள் வந்தேன். ஆனால் பாடம் நடத்துவது என்றால் நான் பேசுவது என்று மனசுக்குள் எங்கேயோ ஊறிப்போயிருந்தது.

எனக்கு அது அப்படி ஊறியிருக்கவே கூடாது. நான் மூன்றாம் வகுப்புப் படித்தது 2008-ல். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, அப்போதுதான் மாநிலம் முழுக்க வந்திருந்தது. பாயில் வட்டமாக உட்கார்வோம். ஏணிப்படி அட்டையில் நம் இடத்தைப் பார்த்து, அங்கே இருக்கும் படத்துக்குரிய அட்டையை நாமே எடுத்து வர வேண்டும். சுவரின் அடியில் ஆளுக்கொரு கரும்பலகை, நம் பேர் எழுதியது. எங்கள் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை. பிறகு பெரிய வகுப்புகள், பெஞ்சு, நோட்ஸ், பொதுத்தேர்வு. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பாயை நான் மறந்துபோனேன்.

இப்போது நடப்பது எண்ணும் எழுத்தும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தையும் எண்ணையும் தவறவிட்ட பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுப்பது. என் அறையில் மூன்று வகுப்பும் இருப்பதால் எனக்கு இது பெரிய உதவி. ஒன்றுதான் உறுத்துகிறது. சேர்ந்த புதிதில் ஒரு பெண்பிள்ளையிடம் 'ஏன் வாசிக்கல' என்று கேட்டதற்கு, 'நான் அரும்பு, டீச்சர்' என்றாள். ஊர்ப்பேர் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். நிலை என் பதிவேட்டில் இருந்தால் போதும். அன்றிலிருந்து பிள்ளைகள் எதிரில் அந்தச் சொற்களைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொஞ்சம் தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

சரியாக எழுதுகிறவர்களையும் எப்படி என்று கேட்க ஆரம்பித்தேன். நூற்றுக்கு நூறு வாங்கும் மூன்றாம் வகுப்புப் பெண் 52-17 கணக்கை 35 என்று சரியாகப் போட்டாள். 'ஏன் அஞ்சை நாலாக்கின?' என்றேன். 'அப்படித்தான் போடணும்' என்றாள். ஐந்து கட்டையும் இரண்டு குச்சியையும் கொடுத்து, பதினேழை எடு என்றதும் விழித்தாள். கட்டைப் பிரிக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் நோட்டில் அதுவரை நான் போட்ட சரிக் குறிகளையெல்லாம் அன்று ராத்திரி திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறன் வகுப்பறை எங்கள் பள்ளிக்கும் வந்திருக்கிறது. முதல் மாதம் அதைத்தான் நான் அதிகம் நம்பினேன். தவளையின் வாழ்க்கைச் சுழற்சி வீடியோவை நாலு தடவை போட்டேன். முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று பாட்டாகவே பாடினார்கள். அந்த வாரமே மழை பெய்து பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் தண்ணீர் நின்றது. 'டீச்சர், மீன்குஞ்சு!' என்று ஓடி வந்தார்கள். பாட்டிலில் நெளிந்தது அத்தனையும் தலைப்பிரட்டை. பாடியவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

குட்டைத் தண்ணீரையே ஊற்றி, வாய் அகன்ற பாட்டிலில் நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சில நாள் போனதும் ஒன்றுக்குக் கால் முளைக்க ஆரம்பித்தது. முன்கால் என்று ஒரு கூட்டம், பின்கால் என்று இன்னொரு கூட்டம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கைபேசியில் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். வால் பக்கத்தில், நூல் மாதிரி இரண்டு. 'பின்கால்!' அறையே அதிர்ந்தது. அதன் பிறகு அதே வீடியோவைப் போட்டபோது யாரும் பாடவில்லை. 'நிறுத்துங்க, நிறுத்துங்க' என்று கால் முளைக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். முன்காலும் வந்த பிறகு எல்லாவற்றையும் குட்டையிலேயே விட்டுவிட்டோம்.

பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் பக்கம் புளி காலம். பிள்ளைகள் வரத்துக் குறையும். வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலைக்கு ஆள் வேண்டும். தொண்ணூறு எழுதிய பையன் நாலு நாளாக வரவில்லை என்று அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். 'வரேன்னுதான் சொல்றான் டீச்சரம்மா, எனக்குத்தான் கை ஒத்தையா இருக்கு' என்றாள். அதட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கொட்டை எடுத்தேன். சாயங்காலம் வந்து ஒத்தாசை செய்யட்டும், பகலில் அனுப்புங்க பாட்டி என்று கேட்டேன். மறுநாள் வந்தான், டவுசர் பை நிறையப் புளியங்கொட்டையோடு. அந்த வருடம் முடியும் வரை எங்கள் வகுப்புக்கு எண்ணுவதற்கு அந்தக் கொட்டைகள்தான்.

இந்த ஜூனில் அவன் மூன்றாம் வகுப்பு. மூன்றிலக்க எண்கள். பலகையில் 902 என்று எழுதி, 'தொள்ளாயிரத்து இரண்டு' என்று வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்து கை உயர்ந்தது.

'டீச்சர், இதுவும் அதே மாதிரிதான். ஆயிரம்னு சொல்லுது, ஆனா ஆயிரம் இல்ல. இன்னும் ஒரு நூறு வேணும்.'