பால் டீ கலரில் கியர் ஆயில்

இன்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப். முன் டிஃபரன்ஷியலின் (ஆக்சில் நடுவே, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் கொட்டியது ஆயிலா, பால் டீயா என்று தெரியவில்லை.

தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஆக்சில் மேலே சின்னதாக ஒரு பிரீதர், அதாவது காற்று போய்வரும் துளை, இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால், ஓடிச் சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதரில் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். செலவு சில நூறு ரூபாய்தான். இதை விட்டுவிட்டு எல்இடி லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள்!

ஆயிலை வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் ஓட்டையின் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து மக்கர் செய்தால் வண்டி அங்கேயே நிற்கும். ஊற்ற வேண்டியது 80டபிள்யூ-90 கெட்டித்தன்மை, ஜிஎல்-5 தர கியர் ஆயில். ஃபில்லர் ஓட்டையில் வழியும்வரை ஊற்றவும்.

முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால் லாக் செய்து, ஜாக்கி ஏற்றி சக்கரத்தைச் சுற்றுங்கள். ஆக்சில் ஷாஃப்ட்டும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் ஹப் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும்.

மணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். 4 வீல் டிரைவையும் விட்டு 2 வீல் டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும். ஜிப்ஸியில் முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் விசையை அனுப்பும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

டோ ஹூக்கை சேசிஸில் மாட்டுங்கள். பம்பரில் மாட்டினால் இழுக்கும்போது பம்பர் மட்டும் வரும்.