கிளவுட் சிடிஎன்னில் இறுதியாண்டு ஆய்வு: தம்பி தங்கைகளுக்கு

ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து கணினி விஞ்ஞானம் படிக்கும் சிலர், இறுதியாண்டு ஆய்வுக்குக் கிளவுட் சிடிஎன்னை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சிடிஎன் என்றால், இணையத்தளத்தின் பிரதிகளைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்தே கொடுக்கும் வலையமைப்பு. அதை வாடகைக்கு எடுத்த கணினிகளில் நடத்துவது கிளவுட் சிடிஎன். நான் செய்ததும் அதில்தான், தாராளமாக எடுங்கள். ஆனால் ‘சிடிஎன் செயல்திறனை மேம்படுத்தல்’ என்று தலைப்பு வைக்காதீர்கள். அது ஓராண்டில் முடியாது. ஒரே ஒரு கேள்வி போதும்.

அகாமாய் 1998இல் தொடங்கிய காலத்தில் சிடிஎன் நடத்த ஊரூராகச் சொந்த சர்வர் வைக்க வேண்டும். 2008இல் அமேசானின் கிளவுட்ஃப்ரன்ட் வந்தது. பாவித்த அளவுக்குக் காசு கட்டினால் சரி. அப்புறம், பிரதியை எங்கே வைப்பது என்ற பழைய கேள்வியோடு செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. அது என்பி-கடினமான கணக்கு, அதாவது அளவு கூடும்போது மிகச் சரியான விடையை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் தெரியாத கணக்கு. அதனால் கிட்டத்தட்டச் சரியான விடையை விரைவாகத் தரும் இரண்டு முறைகளை ஒப்பிட்டாலே நல்ல ஆய்வாகும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளைப் பற்றியது. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வருவார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தேடுவது தன் சுட்டெண்ணுக்குரிய பக்கத்தை. ஒரு பிள்ளையின் முடிவை வீட்டாரும் ஆசிரியரும் பார்த்தால் அவ்வளவுதான். பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் காணொளிக்குக் கைகொடுக்கும் கேஷ் (ஒருமுறை கேட்டதை அருகில் சேமித்து வைப்பது) இங்கே பெரிதாக உதவாது. கோரிக்கைகளில் பெரும்பகுதி அசல் தளம் இருக்கும் மூல சர்வரின் தலையில்தான் விழும். முடிவுகளை முன்கூட்டியே கோப்புகளாக்கி பார்ப்பவருக்கு அருகிலுள்ள எட்ஜ் சர்வர்களுக்கு அனுப்பலாமா? அனுப்பினால், வெளியிடும் நிமிடம்வரை யாரும் திறக்காதபடி எப்படிக் காப்பது? இதைக் கட்டாயம் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.

அளவீட்டை வீட்டிலிருந்தே தொடங்கலாம். இணையப் பக்கத்தைக் கேட்டெடுக்கும் கர்ல் கட்டளையில் வரும் எக்ஸ்-கேஷ் (கேஷிலிருந்து வந்ததா), ஏஜ் (எவ்வளவு நேரம் கேஷில் இருந்தது) வரிகளைப் பாருங்கள். பல சிடிஎன்கள் அவற்றை அனுப்பும். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மில்லிசெக்கன் எடுக்கும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். அப்படியானால் போய்வர 27 மில்லிசெக்கனாவது வேண்டும். போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை காட்டும் நேரம் அதைவிடத் தெளிவாகக் குறைந்தால், பதில் சொன்ன சர்வர் சிங்கப்பூரில் இல்லை. தோட்டப் பக்கம் மொபைல் சிக்னல் ஏறி இறங்கும் என்பதால், சராசரியோடு 95ஆம் சதமணையையும் (நூற்றில் 95 அளவீடுகள் அதற்குள் அடங்கும் பெறுமானம்) எழுதுங்கள்.

கிளவுட் பில்லுக்குப் பயமென்றால், கிளவுட்டைப் போலவே நடித்துக் காட்டும் கிளவுட்சிம் என்ற மென்பொருள் இருக்கிறது. ஜாவா தெரிந்தால் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். சிடிஎன் பகுதியை மட்டும் நீங்களே எழுத வேண்டிவரும்.

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) என்னைத் துருவியது கோரிக்கைப் பரம்பலைப் பற்றித்தான், அதாவது எந்தப் பக்கத்துக்கு எத்தனை கோரிக்கை வரும் என்பது. ஸிஃப் பரம்பல் (சில பக்கங்களுக்கே மிக அதிகமான கோரிக்கைகள் வருவது) என்று எழுதினால், அந்த ஏற்றத்தாழ்வின் அளவைக் காட்டும் அடுக்கின் பெறுமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 0.6 முதல் 1.2 வரை மாற்றி மாற்றி ஓட்டி, வரைபை அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.