மாமி மூன்று தரம் போட்ட படம்

எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் மாலைநேரக் கணினி வகுப்புத் தொடங்கியபோது, பதிவுப் படிவத்தை இணையத்தில் போடும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கைபேசி, ஒரு படம். அரை நாள் வேலைதானே என்று செய்து கொடுத்தேன்.

முதல் நாளே கோப்பாயிலிருந்து மாமி கோல் எடுத்தார். “தம்பி, மூன்று தரம் படம் போட்டிட்டன், திரும்பத் திரும்பக் கேட்குது.”

கைபேசி இலக்கத்தில் ஓர் எண்ணை விட்டிருந்தார். படிவத்தை வாங்கிச் சோதிக்கும் கணினியான சர்வர் அதைப் பிடித்து, முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பியது. பெயரையும் திகதியையும் மறுபடி நிரப்பிக் கொடுக்கலாம், படத்தை முடியாது. எந்தத் தளமும் ஒருவரின் கோப்பைத் தானாக எடுத்து வைக்க உலாவி விடாது, அது பாதுகாப்புக்கு. பிழைச் செய்தி பக்கத்தின் உச்சியில் இருந்தது. மாமி கண்டது அடியிலிருந்த வெறும் படப்பெட்டியை மட்டும்.

சரி, பக்கமே புதுப்பிக்கப்படக் கூடாது என்று முடிவெடுத்தேன். அனுப்பும் பொத்தானை அமத்தும்போது நடக்கும் சப்மிற் நிகழ்வை, உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ற்றில் மறித்து, உலாவியின் வழக்கமான அனுப்புதலை நிறுத்தி, பக்கத்தை மாற்றாமலே அனுப்பும் ஃபெட்ச் என்ற வசதி மூலம் தரவை அனுப்பினேன். பிழை இருந்தால் சர்வர், தந்த தரவை ஏற்க முடியாது என்று காட்டும் 422 என்ற நிலைக் குறியீட்டுடன், எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் சொல்லும். அந்தந்தப் பெட்டிக்குக் கீழேயே அது சிவப்பில் வரும். தட்டச்சுச் செய்யும்போதே சோதிக்கவும் பார்த்தேன். முதல் எண்ணை அடித்தவுடனே “இலக்கம் பிழை” என்று திட்டியது, எனக்கே எரிச்சல் வந்தது. பெட்டியை விட்டு வெளியேறும்போது சோதித்தால் போதும்.

உண்மையில் என்னை அலைக்கழித்தது அடையாள அட்டைதான். இலங்கையில் 2016இலிருந்து வரும் அட்டையில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். இரண்டிலும் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் ஒளிந்திருக்கும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூடும். கெட்டித்தனம் காட்டி, பிறந்த திகதியோடு ஒத்துப்போகிறதா என்றும் சர்வரில் சோதித்தேன்.

மாமி மறுபடியும் கோல். திகதி பொருந்தவில்லையாம். அவர் பிறந்தது 1965 மார்ச் 1. என் கணக்கில் 60ஆவது நாள், ஆகவே 560. அட்டையில் 561. ஒரு மணித்தியாலம் தலையைப் பிய்த்த பிறகுதான் பிடிபட்டது: அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். அதனால் லீப் ஆண்டல்லாத ஆண்டில் மார்ச் 1இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோரையும் என் படிவம் பொய்யர் ஆக்கியிருக்கிறது.

சர்வரில் ஒரு வரியை மாற்றிவிட்டு மாமிக்குக் கோல் எடுத்தேன். “பக்கத்தை மூடிப்போட்டீங்களோ?”

“இல்லை, அப்பிடியே கிடக்குது.”

“இப்ப ஒருக்கா அமத்திப் பாருங்கோ.”

அமத்தினார். படிவம் போய்ச் சேர்ந்தது. படம் போட்ட இடத்திலேயே இருந்தது.