ஆங்கில வினைகள்: வெள்ளவத்தை வகுப்புக் குறிப்பேடு

யூன் 3

கொப்பி திருத்தும்போது அடிக்கடி சிவப்புக் கோடு விழும் வசனம்: "ஹீ வேர்க் இன் பெட்டா." 'வேர்க்ஸ்' என்று வரவேண்டும். தமிழ் வினையில் நான், நீ, அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் தனித்தனி விகுதி உண்டு. ஆங்கில நிகழ்காலத்தில் 'பி' வினையை (ஆம், இஸ், ஆர்) விட்டால் மிஞ்சியிருப்பது படர்க்கை ஒருமையின் 'எஸ்' மட்டும்தான். ஒன்றே ஒன்று என்பதால் அது கண்ணில் படாமல் போகிறது.

அந்த 'எஸ்' பெயரில் ஒட்டினால் பன்மை, வினையில் ஒட்டினால் ஒருமை. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. "த பஸ் ஸ்டொப்ஸ் ஹியர்", "த பஸ்ஸஸ் ஸ்டொப் ஹியர்" இரண்டையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வசனங்களில் இரண்டில் ஒரு பக்கம்தான் 'எஸ்' இருக்கும். 'சில்ட்ரன்', 'பீப்பிள்' போன்ற பன்மைகளில் இந்தக் குறுக்குவழி செல்லாது. "சில்ட்ரன் ப்ளே" என்பதில் எந்தப் பக்கமும் 'எஸ்' இல்லை.

கேள்வியில் 'எஸ்' 'டஸ்'ஸுக்குப் போய்விடும்: "டஸ் த பஸ் ஸ்டொப் ஹியர்?" பிறகும் 'ஸ்டொப்ஸ்' என்றால் இரட்டிப்பு. 'கேன்', 'வில்', 'மஸ்ட்' வந்தால் எங்குமே 'எஸ்' இல்லை.

யூன் 5

"த பிரின்ஸிபல் ஹேவ் கம்." எழுதியவருக்கு விதி தெரியும். கை தவறியதற்குக் காரணம் மரியாதை. "அதிபர் அவர்கள் வருகை தந்துள்ளார்கள்" என்று வரவேற்புரையில் சொல்லிப் பழகிய மனம் ஆங்கிலத்திலும் பன்மையைத் தேடுகிறது. ஆங்கில வினையில் மரியாதைப் பன்மை இல்லை. அதிபரோ ஜனாதிபதியோ, ஓர் ஆள் என்றால் 'ஹேஸ்'தான்.

அஃறிணையில் பிழை எதிர்த் திசையில் போகும். "மாடுகள் வருகின்றன" என்று எழுதுகிறோம், "மாடுகள் வருது" என்று பேசுகிறோம். பேச்சுத்தான் ஆங்கிலத்தில் "த கௌஸ் இஸ் கமிங்" ஆகிறது. வெறுமனே 'ஆர்' என்று மேலே எழுதிக் கொடுத்தால் அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும். அடியில் கிடக்கும் தமிழ் வசனத்தைச் சொல்லவைத்துத் திருத்தினால்தான் நிற்கும்.

யூன் 9

எழுவாயையும் வினையையும் பொருத்துவதில் மிகக் கடினமான பகுதி இது. நன்றாக எழுதுபவர்களும் இதில் விழுகிறார்கள்.

"த ப்ரைஸ் ஒப் வெஜிடபிள்ஸ் ஹேவ் கோன் அப்." தமிழில் "மரக்கறிகளின் விலை கூடியிருக்கிறது" என்கிறோம். எழுவாயான 'விலை' வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மரக்கறி முன்னால் போய்விட்டது. ஆங்கிலத்தில் தலைச்சொல்லான 'ப்ரைஸ்' முதலில் வந்துவிட, 'ஒப்' இழுத்துவந்த பன்மைப் பெயர் வினைக்கு முன்னால் குந்திக்கொள்கிறது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் இருப்பதையே எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பென்சிலை எடுத்து 'ஒப்' தொடங்கி வினைக்கு முன்வரை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது 'த ப்ரைஸ்'. ஆகவே 'ஹேஸ்'. "வன் ஒப் மை ஃப்ரெண்ட்ஸ் லிவ்ஸ் இன் தெஹிவளை" என்பதும் இதே கணக்கு, மிஞ்சுவது 'வன்'. 'அலோங் வித்', 'அஸ் வெல் அஸ்' தொடங்கும் துண்டுகளையும் அடித்துவிடலாம்.

'நம்பர்' ஒரு விலக்கு. 'எ நம்பர் ஒப் பாஸெஞ்சர்ஸ்' என்றால் பல பயணிகள், ஆகவே 'ஆர்'. 'த நம்பர் ஒப் பாஸெஞ்சர்ஸ்' என்றால் எண்ணிக்கை, ஆகவே 'இஸ்'. 'ஐதர்', 'ஓர்' சேர்ந்து வந்தால் வினைக்குக் கிட்ட நிற்கும் பெயரே முடிவு செய்யும்: "ஐதர் த ட்ரைவர் ஓர் த பாஸெஞ்சர்ஸ் ஆர் ரோங்."

யூன் 10

போயா (பௌர்ணமி) விடுமுறை. சுருக்கமாக: 'நியூஸ்', 'மெதமெடிக்ஸ்' பன்மைபோலத் தெரியும் ஒருமைகள். 'பொலிஸ்' ஒருமைபோலத் தெரியும் பன்மை. 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' இரண்டுக்கும் 'எஸ்' கிடையாது, வினை ஒருமை. 5,000 ரூபாய் ஒரு தொகையாக நின்றால் 'இஸ்'.

யூன் 12

'ரைஸ்', 'ரெய்ஸ்' குழப்பத்தைத் தீர்க்கத் தமிழே போதும். கட்டணம் உயர்ந்தது, கட்டணத்தை உயர்த்தினார்கள். தானாக உயர்வது 'ரைஸ்', ஒன்றை உயர்த்துவது 'ரெய்ஸ்'. 'ஐ' உருபு ஏற்கும் பெயர் ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் 'ரெய்ஸ்'. வடிவங்கள்: ரைஸ், ரோஸ், ரிஸன்; ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்.

கிட, கிடத்து என்பது 'லை', 'லே'. இங்கே உண்மையான பொறி ஒன்று இருக்கிறது. 'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான். "ஐ லே டவுன் யெஸ்டர்டே" சரி. "ஐ லெய்ட் டவுன்" பிழை, ஏனென்றால் 'லெய்ட்' கிடத்தியதற்கு உரியது. லை, லே, லெயின். லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்லும் 'லை'க்கு வேறு வடிவம். மூன்றையும் ஒரே நாளில் படிப்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

விழு, வீழ்த்து இணைக்கும் ஆங்கிலத்தில் சோடி உண்டு: மரம் விழுவது 'ஃபோல்', மரத்தை வீழ்த்துவது 'ஃபெல்'. 'ஃபோல்' உடைய இறந்தகாலமும் 'ஃபெல்' என்பதால் அதே பொறி இங்கும் உண்டு.

யூன் 16

ஒரே தமிழ் வினை, பல ஆங்கில வினைகள். இதில் 'கேள்' முதலிடம். சத்தம் காதில் விழுந்தால் 'ஹியர்'. கவனித்துக் கேட்டால் 'லிஸன்', பின்னால் பெயர் வந்தால் 'டு' கட்டாயம். கேள்வியோ உதவியோ கேட்டால் 'ஆஸ்க்'. "ஐ ஆம் ஹியரிங் த நியூஸ்" என்பது 'லிஸனிங் டு' ஆகவேண்டும்.

'வாங்கு' காசு கொடுத்தால் மட்டுமே 'பை'. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் 'கொட்' அல்லது 'ரிஸீவ்ட்'. இரவல் வாங்குவது 'பொரோ', பின்னால் 'ஃப்ரம்'. இரவல் கொடுப்பது 'லெண்ட்', பின்னால் 'டு'. வினையையும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே மனனம் செய்யவைப்பது நல்லது.

"ஐ வில் கோ அண்ட் கம்" என்பதை நான் வெட்டுவதில்லை. "போயிட்டு வாறன்" என்ற அன்பு அதில் இருக்கிறது, கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் "ஐ வில் பி பேக்" என்று மாற்றச் சொல்கிறேன்.