வலை இழுக்கும் பாட்டும் வானொலியும்

1982-ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதுச்சேரி பஸ் ஏறிய நம் பள்ளியின் ஐந்து மாணவர்களில் நானும் ஒருவன். முன் இருக்கையில் தமிழையா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மஞ்சள் பை. அதற்குள் நாங்கள் எழுதிய தாள்களும், தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர் வீட்டம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த மிளகும் பனங்கற்கண்டும் இருந்தன. புதுச்சேரி வானொலியின் ‘இளைய பாரதம்’ நிகழ்ச்சிக்கு எங்கள் குரலைப் பதிவு செய்யப் போய்க்கொண்டிருந்தோம். 22 கிலோமீட்டர்தான். ஆனால் எங்களில் இருவர் அதற்கு முன் பெண்ணையாற்றைத் தாண்டியதே இல்லை.

நிலையத்தில் தடித்த கதவு ஒன்று, அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. பதிவு அறையின் சுவரெங்கும் துளையிட்ட பலகை. அங்கே பேசினால் குரல் எதிலும் பட்டுத் திரும்புவதில்லை. வாயைவிட்டு வெளியேறியதும் மறைந்துவிடுகிறது. அந்த அமைதி எங்கள் ஐந்து பேரையும் மிரட்டியது. நான் உப்பனாற்றைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையை வேகவேகமாகப் படித்து முடித்தேன். அடுத்து, கடலூர்க் கடற்கரை மீனவர் குப்பமான தேவனாம்பட்டினத்து நண்பனின் முறை. நம் வகுப்பில் கடைசி வரிசையில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன் என்றால், நம் பழைய மாணவர் சங்கத்தில் உங்களில் பலருக்கு நினைவு வரும். அவனுக்குத் தமிழையா ஒரு கவிதையை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். மூன்று முறை தொடங்கினான். மூன்று முறையும் இரண்டாம் அடியில் நின்றுவிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நிகழ்ச்சி அமைப்பாளர் அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. “கவிதை இருக்கட்டும் தம்பி. உங்கள் ஊரில் என்ன பாடுவீர்கள்?” என்று கேட்டார். அவன் தமிழையாவைப் பார்த்தான். ஐயா தலையை அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அம்பாப் பாட்டை எடுத்தான். கரையில் நின்று வலையை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று சேர்ந்து பிடிக்கும் பாட்டு அது. பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே. நாங்கள் நால்வரும் பிடித்தோம். ஒவ்வொரு அடிக்கும் அவன் கை தானாகப் பின்னால் போய்வந்தது. அந்த அறையில் கயிறு இல்லை, அவ்வளவுதான்.

ஒலிபரப்பானபோது அந்தப் பாட்டு முழுவதுமாக வந்தது. என் கட்டுரையில் பாதிதான் வந்தது. அதுவே சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. அவர்கள் குப்பத்தில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர் கரைக்கே எடுத்து வந்து எல்லோரையும் கேட்க வைத்தாராம். அவன் அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் விடியலில் வலை இழுக்கும்போது, “நீ எடுடா” என்று முதல் அடியை அவனுக்குக் கொடுத்தார்.

இதை ஏன் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன் என்றால், நான் இப்போது வாழும் சிட்னியில் நம்மவர் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு எழுகிறது. இந்தக் காலத்துப் பாட்டில் சொல் புரியவில்லை, பிள்ளைகளின் ரசனை கெட்டுவிட்டது, வானொலியும் அவர்கள் பின்னால் போய்விட்டது என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவுக்குப் பாடலீஸ்வரர் கோயில் நாதசுரமும் தேவாரமும்தான் இசை. அப்பா இளைஞராக இருந்தபோது தியாகராஜ பாகவதரின் இசைத்தட்டுகளைக் கேட்கப் பக்கத்துத் தெருவுக்குப் போவாராம். தாத்தா அதைக் கூத்தாடிப் பாட்டு என்று திட்டியிருக்கிறார். அதே அப்பாவுக்கு, அக்கா டி.எம்.சௌந்தரராஜன், சுசீலா பாட்டுகளுக்காக வானொலி முன் தவம் கிடந்தது பிடிக்கவில்லை. 1976-இல் இளையராஜா வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. பறையும் உறுமியும் கிராமத்து மெட்டும் வீட்டுக்குள் கேட்கத் தொடங்கியபோது அக்காவே முகம் சுளித்தாள். 1992-இல் ரகுமானின் முதல் படப் பாட்டுகள் வந்தபோது எங்கள் தெருவில் இளையராஜா ரசிகர்கள் எத்தனை பேர் அது பாட்டே இல்லை என்று சண்டை போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் நானும் இருந்தேன். இன்றைக்கு அந்தப் பாட்டுகளைத்தான் நம் பொங்கல் விழாவில் பழைய பாட்டு என்று வைக்கிறோம்.

பெரியவர்களின் ரசனை சும்மா முணுமுணுப்போடு நிற்கவில்லை, ஆணையாகவும் வந்தது. அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடை இருந்தது. 1952-இல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு திரைப்பாட்டும் ஏறக்குறைய நின்றுபோனது. நல்ல சங்கீதத்தைக் காப்பதாகவே அவர் நம்பினார். ஆனால் மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவை தொடங்கப்பட்டதற்கு அதுவே காரணம். அதற்குள் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் கொழும்பின் வசமாகிவிட்டது.

கடலூரில் இலங்கை வானொலி அத்தனை தெளிவாகக் கேட்டதற்கு நம் இயற்பியல் ஆசிரியர் ஒரு முறை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது மண்ணும் மலையும் அதன் வலுவைத் தின்றுவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின் மேல் அது சோராமல் வரும். “கொழும்பிலிருந்து வரும் அலைக்கு நம் ஊர்க் கடல்தான் சாலை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் இயற்பியல் எனக்குப் பிடித்துப்போனது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் எங்கள் வீட்டு மனிதர்களின் குரல்கள் ஆயின. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால்தான் அக்கா தலை வாரத் தொடங்குவாள். நேயர் பெயர்களை வாசிக்கும்போது திருப்பாதிரிப்புலியூர் என்ற நீண்ட பெயரை அவர்கள் ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்வார்கள். நம் ஊர்ப் பெயரை அத்தனை அழகாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இலங்கையில் தமிழர்கள் மீது 1983 ஜூலையில் நடந்த வன்முறைக்குப் பிறகு அந்த அலைவரிசையைத் திருப்பும்போது கை தயங்கியது. இங்கே சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் யாழ்ப்பாணத்து நண்பர்களோடு பேசும்போது, ஒரே காலையில் கடலின் இரு கரையிலும் ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தோம் என்பது எங்களை இன்னும் நெருக்கமாக்குகிறது.

இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு எங்களுக்குப் பாட்டைக் கொடுத்தது. ஒலிவாங்கியைக் கொடுத்தது 1967-இல் தொடங்கிய புதுச்சேரி நிலையம். 1969-இல் தில்லியில் ‘யுவவாணி’ என்று ஆரம்பித்த திட்டத்தின் தமிழ் வடிவம்தான் ‘இளைய பாரதம்’. அதில் பாட்டு குறைவு. நாடகம், கவிதை, உரையாடல், மெல்லிசை என்று பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளே வந்து பேசினார்கள், பாடினார்கள். அதனால் சில நாள் சலிப்பாகவும் இருந்தது. அக்கா அந்த நேரத்தில் கொழும்புக்குத் திருப்பிவிடுவாள். ஆனாலும் தேவனாம்பட்டினத்துப் பதினாறு வயதுப் பையனிடம் “உங்கள் ஊரில் என்ன பாடுவீர்கள்?” என்று கேட்ட வானொலி அது ஒன்றுதான்.

2008-இல் ஊருக்கு வந்திருந்தேன். தனியாருக்கு அரசு கொடுத்த இரண்டாம் கட்ட அனுமதிகளுக்குப் பிறகு புதுச்சேரிக்குத் தனியார் பண்பலை வந்துவிட்டிருந்தது. பண்பலை அலை நேர்கோட்டில் போவது; கடல் தாண்டாது, ஆனால் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் தாராளமாக வரும். கொழும்பிலிருந்து வந்த வானொலி இப்போது பக்கத்து ஊரிலிருந்து வந்தது. நம் வட்டார வழக்கில் அறிவிப்பாளர்கள் பேசினார்கள். நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். அண்ணன் மகனுக்கு அப்போது பதினேழு வயது. அவன் சொந்தமாகப் பாட்டு எழுதி, நண்பர்களோடு மெட்டும் போட்டிருந்தான். ஒரு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, என்ன பாட்டு வேண்டும், யாருக்காக வேண்டும் என்று கேட்டார்கள். தன் பாட்டைப் பற்றிச் சொன்னான். அதற்கு அங்கே இடம் இல்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஏலத்தில் பெருந்தொகை கட்டி அலைவரிசை எடுத்தவர்கள், விளம்பரத்தை நம்பியிருப்பவர்கள், தெரிந்த பாட்டைத்தான் போடுவார்கள். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் தனியார் பண்பலைக்கு அனுமதி இல்லை. பாட்டையும் கலகலப்பையும் விட்டால் வேறு எதை வைத்து நாளை நிரப்ப முடியும்? நாள் முழுவதும் இளைஞர்களுக்காகவே ஒலித்த அந்த வானொலியில், பாட்டுக் கேட்கும் அரை நிமிடம்தான் இளைஞனுக்குக் கிடைத்தது.

இங்கே ஆஸ்திரேலியாவில் நான் கண்டது வேறு. அரசு ஒலிபரப்பான ஏபிசி, 1975 ஜனவரி 19 அன்று சிட்னியில் இளைஞர்களுக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கியது. மற்ற நிலையங்கள் தொடத் தயங்கிய பாட்டுகளைப் போட்டது. 1980-இல் பண்பலைக்கு மாறி ‘டிரிபிள் ஜே’ ஆனது. 1989 முதல் நாடு முழுவதும் பரவத் தொடங்கியது. தொடங்கிய நாளில் இருபது வயதாக இருந்த நேயர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவரோடு நிலையமும் மூப்படைய வேண்டுமா? மாட்டேன் என்றது அந்த நிலையம். ஒவ்வொரு தலைமுறையையும் வழியனுப்பிவிட்டு அடுத்த பதினெட்டு வயதுக்காரர்களிடம் திரும்பப் போனது. முப்பது தாண்டியவர்கள் ஒவ்வொரு முறையும் வருந்தினார்கள். என் அலுவலகத்தில் ஒரு சக ஊழியர், தன் வானொலி தன்னைக் கைவிட்டுவிட்டது என்று மதிய உணவின்போது உண்மையான துக்கத்தோடு சொன்னது நினைவிருக்கிறது. 2014-இல் அவர்களுக்கென்று ‘டபுள் ஜே’ என்ற தனி நிலையத்தை உண்டாக்கினார்கள். பெரியவர்களுக்கு ஓர் இடம் கொடுத்து, இளைஞர்களின் இடத்தை இளைஞர்களுக்கே விட்டுவைத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நூறு பாட்டுகளை ஆண்டுதோறும் ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று ஒலிபரப்பி வந்தார்கள். பூர்வகுடி மக்களுக்கு அது துயர நாள். நேயர்களிடம் கருத்துக் கேட்டு, 2018 முதல் வேறு நாளுக்கு மாற்றினார்கள். ரசனை மாறும்போது மனசாட்சியும் மாறி வளர்கிறது என்பதை நம் பிள்ளைகளிடம் நான் அப்போது பார்த்தேன்.

அதே 2014-இல் என் மகளுக்குப் பதினாறு வயது. பள்ளித் தோழிகளோடு சேர்ந்து பாடிய பாட்டு ஒன்றை ‘டிரிபிள் ஜே’ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ‘அன்எர்த்ட் ஹை’ போட்டிக்கு அனுப்பினாள். கார் நிறுத்தும் கொட்டகையில், சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். எதற்குப் போர்வை என்று அவள் அம்மா கேட்டாள். எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை; துளையிட்ட பலகைகள் கண்முன் வந்தன. அவள் பாட்டு எனக்குப் பிடித்தது என்று சொன்னால் அது பொய். சொற்கள் முணுமுணுப்பாக இருந்தன, தாளம் எங்கேயோ இருந்தது. பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதியிருந்தார். அதை அவள் எத்தனை முறை வாசித்தாள் என்று நான் அறிவேன்.

இளைஞருக்காக ஒலிபரப்புவது வேறு, இளைஞரை ஒலிபரப்புவது வேறு. பின்னதை நம் ஊரில் யார் செய்கிறார்கள்? புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான ‘புதுவை வாணி’ பண்பலை 107.8-இல் ஒலிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மூழ்கியபோது, அதே 107.8 எண்ணில் பேரிடர்கால வானொலி ஒன்றைத் தற்காலிகமாக நம் ஊரில் அமைத்தார்கள். உப்பனாற்றையும் கெடிலத்தையும் பெயர் சொல்லிப் பேசும் ஒரு வானொலி எங்கள் ஊருக்கு வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் இப்போது பள்ளிக்கு நுழைவாயில் வளைவு கட்டுவதற்கான தீர்மானம் இருக்கிறது. பெரியவர்கள் முன்மொழிந்தது, அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் என் பங்கை வளைவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பள்ளியில் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது. சுவருக்குப் பலகை அடித்து, இரண்டு ஒலிவாங்கியும் ஒரு கணினியும் வைத்தால் போதும். பதிவு செய்ததை எங்கே ஒலிபரப்புவது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ராப் பாடினாலும் கானா பாடினாலும் யாரும் நிறுத்தக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை.

முதல் பதிவுக்கு ஆள் பேசிவிட்டேன். தேவனாம்பட்டினத்து நண்பனின் மகன் இப்போது விசைப்படகு வைத்திருக்கிறான். கரையில் வலை இழுக்க ஆள் குறைந்துவிட்டதால், அம்பா முழுவதும் தெரிந்தவர்கள் குப்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்று நண்பன் போன வாரம் தொலைபேசியில் சொன்னான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் இருக்கும், பள்ளிக்கும் விடுமுறை, அறை கிடைக்கும். பேரனையும் அழைத்து வருவதாகச் சொல்கிறான். பிடிப்பதற்கு நான்கு பேர் வேண்டும். நான் மே முதல் வாரம் கடலூரில் இருப்பேன். மற்ற மூவரும் எழுதுங்கள்.